நடுவில் ஆளில்லாத இரண்டு நாள்

ஜனவரி 24, புதன்

பெயரைச் சொல்லி ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறாள் என் மகள் மலர்விழி. மருதை. ஊர், பெரம்பலூருக்கு மேற்கே. வயது எழுபத்து நாலு. கார்த்திகையில் ஒருநாள் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தபோது வலது கை மண்வெட்டியை விட்டுவிட்டது. வாய் ஒரு பக்கமாகப் போய்விட்டது. இப்போது கை திரும்பிவிட்டது. நாக்குதான் இன்னும் தடித்துக் கிடக்கிறது. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா, தினமும் பத்து நிமிடம் யாரிடமாவது விடாமல் பேசுங்கள் என்றார். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். சம்சாரம் இருக்கிறாள் என்றேன். அப்புறம் என்ன, அவர்களிடம் பேசுங்கள் என்றார். மலர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள்.

அதனால்தான் இந்தப் போன். மைக் படத்தை அமுக்கிவிட்டுப் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. தேதியையும் அதுவே போட்டுக்கொள்கிறது. எழுத்துகள் எறும்பு வரிசையாக ஓடுகின்றன. எனக்கு அதில் ஒன்றும் படிக்கத் தெரியாது, நான் கைநாட்டு. எண் மட்டும் தெரியும். பஸ் நம்பர் பார்க்க வேண்டுமே. நம் ஊர்ப் பேச்சைப் பேசினால் இது கண்டதையும் எழுதி வைக்கிறதாம். ரேடியோ செய்தி மாதிரிப் பேசுங்கப்பா என்றாள் மலர். அறுபது வருடம் ரேடியோ கேட்டவனுக்கு அதில் கஷ்டமில்லை.

எழுத்து இல்லாதவனுக்கு எல்லாம் மண்டையில்தான். எங்கள் கிணற்றில் ஊற்றுக் கண்டது ஒரு செவ்வாய்க்கிழமை. வெட்டியவர்கள் ஒன்பது பேர். அன்றைக்கு மதியம் கருவாட்டுக் குழம்பு, அதில் கத்தரிக்காய் போதவில்லை என்று ஒருவன் கோபித்துக்கொண்டான். அவன் பெயர் சின்னையன். எந்த நாளை வேண்டுமானாலும் கேட்கலாம். எனக்கு மறதி என்பது கிடையாது.

பத்து நிமிடம் ஆனதா தெரியவில்லை. போதும்.


ஜனவரி 25, வியாழன்

நாக்கு வலிக்கிறது. ஆடு குட்டி போட்டது. இரண்டும் கிடாய்.


ஜனவரி 27, சனி

என் சம்சாரம் தைலம்மாள் என்னோடு பேசிப் பதினான்கு வருடம் ஆகிறது. நானும் அவளோடு பேசவில்லை. சண்டை என்று நினைக்க வேண்டாம். ஒரு வீட்டில்தான் இருக்கிறோம், ஒரு உலையில்தான் சாப்பிடுகிறோம். நடுவில் ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். பிள்ளைகள் இருந்தவரை பிள்ளைகள். இப்போது பக்கத்து வீட்டு ராசாக்கிளி வந்து நின்றால், “சோறு ஆறுதுன்னு அவருகிட்டச் சொல்லு” என்பாள் இவள். நான் இரண்டு முழத்தில் உட்கார்ந்திருப்பேன். ராசாக்கிளி வராத நாளில் ஆட்டிடம் சொல்வாள். ஆடும் இல்லாவிட்டால் கரண்டியால் சட்டியில் இரண்டு தட்டு. நானும் அப்படித்தான். “நாளைக்கு உரம் வாங்க டவுனுக்குப் போவணும்” என்று எருமையைப் பார்த்துச் சொல்வேன். மறுநாள் விடிவதற்குள் வேட்டி துவைத்து மடித்து இருக்கும்.

வெளியாள் பார்த்தால் சிரிப்பான். பழகிவிட்டால் குறை தெரியாது. மல்லிக்காப்பி வாசம் வந்தால் அவளுக்குத் தலைவலி என்று எனக்குத் தெரியும். நான் செருப்பை வாசலில் திருப்பிப் போட்டால் உடனே கிளம்பப் போகிறேன் என்று அவளுக்குத் தெரியும். பேச என்ன இருக்கிறது.

சாயங்காலம்தான் கொஞ்சம் நீளமாக இருக்கும்.

அவள் எட்டாவது வரை படித்தவள். இந்தப் போன் சார்ஜ் ஏறும் இடத்தில் தினமும் காலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். மணி பார்க்கிறாள் போல. சுவரிலும் கடிகாரம் இருக்கிறது.


ஜனவரி 28, ஞாயிறு

மகன் இளவரசன் ஓசூரிலிருந்து பேசினான். மலரும் அதே லைனில் இருந்தாள், இருவரும் கலந்துகொண்டுதான் பேசியிருக்கிறார்கள். எனக்கு உடம்பு இப்படி ஆனபின் தோட்டத்து வீட்டில் எங்களைத் தனியாக விட முடியாதாம். அம்மா ஓசூருக்கு, அப்பா அரியலூரில் மலர் வீட்டுக்கு. ஆளுக்கு ஒருவர். ஏன், இரண்டு பேரையும் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டேன்.

“வச்சுக்கலாம்ப்பா. நடுவுல நின்னு பேசிப் பேசி எங்களுக்குத் தொண்ட வத்திப் போச்சு. எம் பொண்டாட்டிக்கும் மலர் வீட்டுக்காரருக்கும் அது தலையெழுத்தா?” என்றான்.

அவனே சொன்னான். வருகிற வெள்ளிக்கிழமை கொல்லிமலையில் ஒரு விடுதியில் எங்கள் இருவருக்கும் அறை எடுத்திருக்கிறானாம். வெள்ளி, சனி தங்கி, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கார் வந்து அழைத்துப் போகும். அதற்குள் நீங்கள் இரண்டு பேரும் வாய் திறந்து பேசிவிட்டால் ஓசூரிலேயே இருவரும் இருக்கலாம். இல்லையென்றால் ஞாயிறு சாயங்காலமே கார் அம்மாவை ஓசூருக்கும் உங்களை அரியலூருக்கும் கொண்டுபோய் விடும். கன்றைத் தனியாகவும் ஆட்டைத் தனியாகவும் கட்டச் சொல்வதைப்போலச் சொன்னான்.

அவள் அடுப்படியில் இருந்தாள். போன் சத்தமாகப் பேசுகிற மாதிரி வைத்திருந்தது. அரிவாள்மணைச் சத்தம் நின்றுபோயிருந்தது.


ஜனவரி 30, செவ்வாய்

பேச்சு ஏன் நின்றது என்று ஒரு ஆளும் என்னைக் கேட்டதில்லை. ஊருக்கே தெரிந்ததுதான். ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

மலர் கல்யாணம், தை மாதம், வியாழக்கிழமை, ஒன்பதரைக்கு முகூர்த்தம். அன்று விடியற்காலையில் தைலம்மாளின் அண்ணன் துரைக்கண்ணு திருச்சி ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். எனக்கு மச்சான். கல்யாண வீட்டுக்குச் சாவுச் செய்தி வந்தால் தாலி ஏறும்வரை மூடி வைப்பது வழக்கம். தீட்டு வந்துவிட்டால் கல்யாணம் நின்றுவிடும். மாப்பிள்ளை வீட்டார் பந்தலைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் மறைத்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்குச் சொன்னேன். இரவே கூட்டிக்கொண்டு போனேன். முகம் பார்த்தாள். மடியில் தலையைத் தூக்கி வைத்துக்கொண்டாள். எங்கள் ஊரில் இதுபோல மறைத்தவர்கள் என்னோடு சேர்த்து ஆறு பேர், பெயர் சொல்ல முடியும். அவர்கள் பெண்டாட்டிகள் எல்லாம் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீட்டுக்கு வந்தபின் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “எத்தன மணிக்கிப் போனாரு?” என்றாள். விடியக்காலை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள். அதுதான் கடைசி.

கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னவனிடம் ஏன் பேசாமல் போனாள் என்று எனக்குத் தெரியவில்லை.


பிப்ரவரி 1, வியாழன்

பை கட்டியிருக்கிறாள். என் மாத்திரைகளைத் துணியில் மூன்று முடிச்சாகப் போட்டிருக்கிறாள். பச்சை, சிவப்பு, வெள்ளை. எது எந்த வேளைக்கு என்று எருமையிடம் சொன்னாள். நான் தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன், இரைச்சலில் காதில் விழவில்லை. திரும்பக் கேட்க வழியில்லை.


பிப்ரவரி 2, வெள்ளி

விடுதிக்கு வந்து சேர்ந்தோம்.

டிரைவர் நல்லவன், வாயாடி. முன்சீட்டில் நான், பின்னால் அவள். துறையூர் தாண்டி மூன்று கிலோமீட்டரில் இடது பக்கம் ஒரு புளியமரத் திருப்பம் வரும். அவள் அண்ணன் ஊருக்குப் போகும் வழி. நான் முன் கண்ணாடியில் பார்த்தேன். திருப்பம் வருவதற்கு முன்பே அவள் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டாள். திருப்பம் போய், ஊர் போய், வெறும் வயல் வந்த பிறகும் அப்படியேதான் வைத்திருந்தாள்.

மலையில் எழுபது வளைவு. இருபதாவது வளைவிலேயே அவளுக்குக் குமட்டல். நான் பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்து டிரைவரிடம் நீட்டி, பின்னால் கொடுக்கச் சொன்னேன். அவன் ஒரு கையால் வண்டியைத் திருப்பிக்கொண்டே மறு கையால் வாங்கிக் கொடுத்தான். கொஞ்சம் கழித்து அவள், வண்டியை மெதுவாகப் போகச் சொல்லுங்கள் என்று அவனிடம் சொன்னாள். நானும் அதையே அவனிடம் சொன்னேன். “ரெண்டு பேரும் ஒரே சீட்டுல உக்காராம ஏன் என்னைய அலைய விடுறீங்க, நான் ரோட்டப் பாக்கவா தபாலப் பாக்கவா?” என்றான். நாற்பதாவது வளைவுக்கு மேல் அவனும் பேசவில்லை.

விடுதி என்றால் நான்கு அறை கொண்ட ஓட்டு வீடு. சுற்றிலும் சில்வர் ஓக் மரம், அதில் மிளகுக் கொடி. பின்னால் ஓடை. வேறு ஆள் யாரும் தங்கவில்லை. நடத்துகிற அம்மாவின் பெயர் தவமணி, இந்த மலைக்காரர், ஐம்பது வயது இருக்கும். அறையைத் திறந்துவிட்டார். ஒரு பெரிய கட்டில். அதன்மேல் ரோஜா இதழைக் கொட்டி வைத்திருக்கிறது. இரண்டு துண்டை முறுக்கி வாத்து மாதிரி செய்து மூக்கோடு மூக்கு முட்ட வைத்திருக்கிறது. நான் ஓடையைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள்.

தவமணிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. “ஜோடின்னு எழுதியிருந்தாங்க. சின்னஞ்சிறுசுங்கன்னு நெனச்சிட்டேன்” என்றார்.

தைலம்மாள் அவரிடம், “அவரு கட்டில்ல படுத்துக்கட்டும். எனக்குக் கீழ ஒரு பாய் போதும்னு சொல்லுங்கம்மா” என்றாள்.

“நீங்களே சொல்லுங்களேன். பக்கத்துலதான நிக்கிறாரு.”

தைலம்மாள் பையைத் தூக்கி மூலையில் வைத்தாள். தவமணி புரிந்துகொண்டார் போல. என் பக்கம் திரும்பி, “அம்மா பாய் போதுங்கறாங்க ஐயா” என்றார். அவர் பரவாயில்லை. பழகிக்கொள்வார்.

துண்டு வாத்தை தைலம்மாள் பிரிக்கவில்லை. அப்படியே தூக்கி ஜன்னல் மேடையில் வைத்தாள், மூக்கோடு மூக்கு.


பிப்ரவரி 3, சனி

தவமணி போய்விட்டார். தங்கச்சி மகளுக்குச் சடங்காம், பக்கத்து மலை ஊரில். சமைத்து மூடி வைத்துவிட்டு, நாளை மத்தியானம் வந்துவிடுவேன் என்றார். போகும்போது வாயைப் பொத்திக்கொண்டு போனார், சிரிப்பா இருமலா தெரியவில்லை. இளவரசன் ஏற்பாடாகத்தான் இருக்கும். ஆக, இந்த வீட்டில் அவளும் நானும், பத்துக் கோழியும்.

காலை மாத்திரை. எந்த முடிச்சு என்று தெரியாமல் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். அவள் பார்த்துவிட்டாள். எதிரே ஒரு சிவப்புக் கோழி மேய்ந்தது. அதைப் பார்த்து, “பச்ச முடிச்சு காலைக்கி, செவப்பு மத்தியானத்துக்கு” என்றாள். கோழி பாதியில் போய்விட்டது. மீதியை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அவள் வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெள்ளை ராத்திரிக்கு என்று எனக்கே விளங்கிவிட்டது. ஆனால் அதை அவளிடம் தெரிவிக்க எனக்கும் கோழி இல்லை.

மத்தியானம் சாப்பிடும்போது குழம்பில் உப்பு குறைவு. உப்பு ஜாடி அவள் பக்கத்தில் இருந்தது. நான் உப்பில்லாமலே சாப்பிட்டேன். பாதிச் சோறு போனபின் அவள் ஜாடியை நகர்த்தி நடுவில் வைத்தாள். என் கைக்கு எட்டவில்லை. இன்னும் ஒரு சாண் நகர்த்தியிருக்கலாம். நானும் ஒரு சாண் நகர்ந்திருக்கலாம். சாப்பாடு முடிந்துவிட்டது.

வீட்டில் இருந்தால் ராசாக்கிளி வருவாள், எருமை கத்தும், ரேடியோ பாடும். இங்கே ஒன்றும் இல்லை. பதினான்கு வருடமாக எங்கள் நடுவில் இத்தனை பேர் இருந்திருக்கிறார்கள் என்று இன்றுதான் தெரிகிறது.


பிப்ரவரி 3, சனி

திரும்பவும் நான்தான். இன்றைய பத்து நிமிடம் முடிந்துவிட்டது. ஆனாலும் பேசுகிறேன்.

பலா மரத்தடியில் ஒரு பாறை இருக்கிறது. சாப்பிட்டதும் அதில் போய் உட்கார்ந்திருந்தாள். மடியில் பாக்குவெட்டி. அவள் அண்ணன் எங்கள் கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்தது, பித்தளை, கைப்பிடியில் கிளி மூக்கு. பாக்கு வெட்டவில்லை. சும்மா திறந்து திறந்து மூடினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அடுப்புப் புகை என்று வீட்டில் சொல்லிக்கொள்வேன். இங்கே அடுப்பு எரியவில்லை.

நாளை பிப்ரவரி நாலு. மலர் கல்யாண நாள்.

இப்போது அவள் அறைக்குள் இருக்கிறாள். கதவு திறந்திருக்கிறது. நான் வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்து போனிடம்தான் பேசுகிறேன். நாக்குப் பயிற்சிக்காகப் பேசுகிறேன்.

அன்றைக்குக் காலை ஆறு மணி. நான் பந்தலில் வாழைமரத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். மச்சான் மகன் குணசேகரன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தான். போய்விட்டார் என்று சொல்லவில்லை. “அப்பாவுக்கு மூச்சு வாங்குது மாமா. அத்தைய வரச் சொல்றாரு. தங்கச்சி கையால ஒரு வாய் தண்ணி குடிச்சாப் போதும்ங்கிறாரு” என்றான். நான் தாலி ஏறட்டும் என்றேன்.

ஒன்பதரைக்குத் தாலி ஏறியது. அப்போது சொல்லியிருக்கலாம். வாசலில் கார் நின்றது, மாப்பிள்ளை வந்த கார். திருச்சிக்கு ஒன்றரை மணி நேரம். சொல்லவில்லை. பெண்ணின் அம்மா பாதியில் கிளம்பினால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தேன். அவர்கள் கை நனைக்கட்டும் என்று யோசித்தேன். பன்னிரண்டு மணிக்குப் பந்தி. நான் பாயசத் தூக்கோடு சம்பந்திமார் வரிசையில் நின்றேன். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. இரண்டு தடவை அதிர்ந்து நின்றது. தைலம்மாள் அடுத்த வரிசையில் அப்பளம் போட்டுக்கொண்டிருந்தாள். அரக்குச் சேலை. என்னைப் பார்த்து, பாயசத்தில் முந்திரி அடியில் நின்றுவிட்டது, கலக்கி ஊற்றுங்கள் என்றாள். கலக்கி ஊற்றினேன்.

இரண்டேகாலுக்கு மூன்றாவது போன். எடுத்தேன். இப்பத்தான் மாமா, அஞ்சு நிமிஷம் ஆச்சு என்றான்.

அதன்பிறகும் ஐந்து மணிவரை சொல்லவில்லை. சொன்னபோது விடியக்காலையிலேயே போய்விட்டார் என்று சொன்னேன். குணசேகரனையும் அப்படியே சொல்லச் சொன்னேன். உங்க அத்தை தாங்க மாட்டாள் என்றேன். அவன் கேட்டுக்கொண்டான். அடுத்த வருடம் சிங்கப்பூர் போய்விட்டான். வேறு யாருக்கும் தெரியாது.

செத்தவரை மறைத்தால் ஊரில் அதை வழக்கம் என்பார்கள். உயிரோடு கூப்பிட்டவரை மறைத்ததற்கு ஊரில் பெயர் இல்லை. அதனால்தான் மணியை மாற்றினேன்.

எனக்கு மறதி கிடையாது என்று முதல் நாளே சொன்னேன்.

உள்ளே வளையல் சத்தம் இல்லை. தூங்குகிறாள் போல. நாக்கு வறண்டுவிட்டது.


பிப்ரவரி 4, ஞாயிறு

தைலம்மாள் பேசுகிறேன். அவர் ஓடைக்குப் பல் விளக்கப் போயிருக்கிறார்.

இரண்டு மணி பத்து நிமிடம். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. பதினாறாம் நாள் காரியத்தில் அண்ணன் பெட்டியில் வேட்டி எடுக்கப் போனபோது அந்தக் காகிதம் மேலே இருந்தது. அவருக்கு எழுத்து தெரியாது. காகிதம் பேசும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அன்று சாயங்காலம் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். அவர் வாயால் உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே அழுது முடித்திருப்பேன். விடியக்காலை என்றார்.

இந்தப் போனில் இருப்பதை முதல் நாளிலிருந்து தினமும் படிக்கிறேன். என்றைக்கு வரும் என்று பார்த்திருந்தேன். நேற்று வந்தது. உள்ளே உட்கார்ந்து எல்லாம் கேட்டேன், தூங்கவில்லை. ஆனால் போனிடம்தான் சொன்னார். கோழியிடம் சொல்வதும் இதுவும் ஒன்றுதான்.

என்னிடம் சொல்லட்டும். என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.


பிப்ரவரி 4, ஞாயிறு

மணி ஒன்றரை. கார் மூன்று மணிக்கு வரும். தவமணி இன்னும் திரும்பவில்லை.

காலையில் ஓடையிலிருந்து வந்தபோது போன் வைத்த இடத்தில் இல்லை. தலையணைக்கு அந்தப் பக்கம் இருந்தது. திறந்து பார்த்தேன். எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் எண் தெரியும். நேற்று மூன்று என்று இரண்டு தடவை போட்டிருந்தது, அது நான் பேசியது. அதன் கீழே நாலு என்று போட்டு எழுத்து ஓடியிருந்தது. பதினான்கு வரி, விரல் வைத்து எண்ணினேன். இன்று நான் வாயே திறக்கவில்லை.

முதலில் ஓடைச் சத்தத்தை இது எழுதிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு அறைக்குள் பார்த்தேன். அவள் பை கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பை. என் துணி ஒன்றில், அவள் துணி ஒன்றில். வரும்போது ஒரே பையாகத்தான் வந்தோம்.

அவள் என்னவோ சொல்லியிருக்கிறாள். ஓசூருக்குப் போகிறேன், நிம்மதியாக இருங்கள் என்று சொல்லியிருக்கலாம். நேற்று நான் பேசியதற்குச் சாபமாக இருக்கலாம். அண்ணன் கேட்ட ஒரு வாய் தண்ணீர் உங்களுக்கும் கிடைக்காது என்று இருக்கலாம். இதை யாராவது படித்துச் சொல்ல வேண்டும். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

தார் ரோடுவரை ஏற்றம். வலது கால் இழுத்தது. மூன்று இடத்தில் நின்று போனேன். ரோட்டோரம் ஒரு பெண் ஏணியில் நின்று மிளகு பறித்துக்கொண்டிருந்தாள். படிக்கத் தெரியுமா என்று கேட்டேன். “எனக்கு எங்க தெரியும், கைநாட்டு” என்றாள். அவளுக்கும் எனக்கும் அதற்குமேல் பேச ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அன்னாசிப் பழம் ஏற்றிய வண்டி ஒன்று வந்தது. ஓட்டியவருக்கு நாற்பது வயது இருக்கும், சட்டைப் பையில் பேனா. நிறுத்தி, என்ன ஐயா வேணும் என்றார். போனைக் காட்டினேன். இதில் கடைசியாக என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றேன்.

“குடுங்க, படிச்சிட்டாப் போச்சு” என்று கையை நீட்டினார்.

அந்தக் கை வந்ததும் என் கை பின்னால் போய்விட்டது. இவர் படிப்பார். அவள் எனக்குச் சொன்னதை இவர் எனக்குச் சொல்வார். ராசாக்கிளி சொல்வதைப்போல, தவமணி சொல்வதைப்போல. பதினான்கு வருடமும் இதைத்தானே செய்தோம்.

சார்ஜ் போய்விட்டது என்றேன். அவர் போனையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். ஒரு அன்னாசியை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இறங்கி வந்தேன். அவள் பலா மரத்துப் பாறையில் இருந்தாள். எதிரில் போய் நின்றேன். கோழிகள் எல்லாம் அந்தப் பக்கம்தான் மேய்ந்தன. ஒன்றையும் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன். காது பக்கம் முடி எல்லாம் வெளுத்துப்போயிருக்கிறது. இது எப்போது வெளுத்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை. எந்த நாளை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொன்னவன் நான்.

போனை நீட்டினேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பயிற்சி கொடுக்கும் அம்மா சொன்னபடி எச்சிலை முழுங்கிவிட்டு ஆரம்பித்தேன்.

“என்ன போட்டிருக்க? படி தைலா” என்றேன்.

அவள் வாங்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கும் தொண்டையைக் கனைக்க வேண்டியிருந்தது.

“கண்ணாடி உள்ள இருக்கு. எடுத்துக்கிட்டு வாங்க” என்றாள்.

போய் எடுத்து வந்தேன். ஜன்னல் மேடையில் அந்த வாத்துப் பக்கத்தில் இருந்தது. அவள் போட்டுக்கொண்டு படித்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் படிப்பதைப்போல ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தாள். பதினான்கு வரியும் படித்தாள். அந்தக் காகிதம் இருந்த பெட்டி எது என்று எனக்குத் தெரியும். நீலத் தகரப் பெட்டி, மூடியில் மயில். அந்தப் பெட்டியை அன்றைக்கு மச்சுமேலிருந்து இறக்கிக் கொடுத்தது நான்தான். இத்தனை வருடம் அவள் தெரிந்துகொண்டே கரண்டியால் தட்டியிருக்கிறாள். நான் தெரியாது என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டிருக்கிறேன்.

இப்போது அவள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். நான் மைக்கை அமுக்கி, காலையிலிருந்து நடந்ததை இதற்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதற்குச் சொல்வது சுலபமாக இருக்கிறது. இவ்வளவு நேரமும் அவள் குறுக்கே பேசவில்லை. அன்னாசியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறாள். கடைசி வரியை மட்டும் இரண்டாவது தடவை சொல்கிறாள், இந்தத் தடவை படிக்காமல். பிறகு போனைக் காட்டுகிறாள்.

“அத அணைங்க” என்கிறாள்.

அணைக்கிறேன்.